ரத்தமா, சிறுநீரா? ஆபரேஷனுக்கு முன் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை

திடீர் தலைவலி, வியர்வை, படபடப்பு, எகிறும் பிரஷர். இவை ஃபியோகுரோமோசைட்டோமாவின், அதாவது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வரும் கட்டியின், அறிகுறியாக இருக்கலாம். அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கோபியில் பித்தப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்த என் சித்தப்பாவுக்கும் இது இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. இதைக் கண்டுபிடிக்க மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் உடைந்து உருவாகும் பொருள்) எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்ப்பார்கள். எதில் பார்ப்பது?

சிரமம்:
ரத்தம்: 20 முதல் 30 நிமிடம் படுத்திருந்து எடுக்க வேண்டும்.
சிறுநீர்: 24 மணி நேரம், ஒரு தடவைகூட விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். மஞ்சள் காட்டில் வேலை செய்பவருக்குப் பெரும்பாடு.

நம்பகம்:
இரண்டுமே நல்லவை. ஆனால் உட்கார்ந்து எடுத்த ரத்தம் கூட்டிக் காட்டலாம். பாதி சேர்த்த சிறுநீர் குறைத்துக் காட்டும்.

செலவு லேபுக்கு லேப் மாறும்.

படுக்க வைத்து எடுக்கும் லேப் ஈரோட்டிலோ கோவையிலோ கிடைத்தால் ரத்தம்தான் என் தேர்வு. இல்லையென்றால், வீட்டில் இருக்க முடிகிறவருக்குச் சிறுநீர். எதுவானாலும் ரிசல்ட் வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.