செயற்கைக்கோளா, சல்லடையா? குப்பம் பக்கத்து மண்ணில் தங்கம் தேட எது உதவும்

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஆனால் தங்கம் சுமக்கும் அந்தப் பாறைப் பட்டை அங்கேயே முடிந்துவிடவில்லை. மூன்று நான்கு கிலோமீட்டர் அகலத்தில், வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆந்திராவின் குப்பம் பக்கம் சிகரகுண்டா, பிசாநத்தம் வழியாகக் கிருஷ்ணகிரி எல்லை வரை வருகிறது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் இந்த ஊர்களில் ஜியாலஜி படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "செயற்கைக்கோள் படம்தான் இப்ப இலவசமா கிடைக்குதே அண்ணா, இன்னும் எதுக்கு மண்ணைச் சலிக்கணும்?"

சலிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

செயற்கைக்கோள் தங்கத்தைப் பார்ப்பதில்லை. தாது ஏறிய வெந்நீர் பாறைக்குள் பாய்ந்தபோது சுற்றிலும் உண்டான களிமண் கனிமங்களையும், மேலே படிந்த இரும்புத் துருவையும்தான் பார்க்கிறது. களிமண் கனிமங்கள் 2.2 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி ஒளியை விழுங்கும். அது ஒரு கைரேகை மாதிரி. இதற்கென்றே பேர் வாங்கிய கருவி, 1999 டிசம்பரில் டெர்ரா செயற்கைக்கோளில் ஏறிய ஆஸ்டர். இந்த அலைநீளத்தைப் பார்க்கும் அதன் குற்றலை அகச்சிவப்புப் பகுதி 2008-இல் பழுதாகிவிட்டது, ஆனாலும் அதற்கு முன் எடுத்த படங்கள் இன்றும் பயன்படுகின்றன. நெவாடாவின் குப்ரைட் போன்ற மொட்டைப் பாலைவனத்தில் இந்த முறை அற்புதமாக வேலை செய்யும்.

நம் பக்கம் அப்படி இல்லை. ஆஸ்டரின் அந்தப் பகுதி எடுத்த படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். இங்கே தங்கம் இருக்கும் வெங்கச்சங்கல் பட்டை பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் வராது. இந்த ஒளி மண்ணின் மேல்தோலைத் தாண்டி உள்ளே போகாது; அரை அடி உழவு மண் மூடியிருந்தாலே போதும், கீழே இருப்பது மறைந்துவிடும். கார்த்திகையில் எடுத்த படத்தில் கேழ்வரகும் கொள்ளும்தான் தெரியும். மாசி, பங்குனிப் படம் பரவாயில்லை, ஆனால் கிரானைட் குவாரித் தூசி குழப்பும். செயற்கைக்கோள் படம் நன்றாகச் செய்வது வேறு வேலை: தங்கம் சுமக்கும் கருத்த சிஸ்ட் பாறைப் பட்டை எங்கே முடிகிறது, கிரானைட் எங்கே தொடங்குகிறது, பாறை எங்கே முறிந்து நகர்ந்திருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடும். அதை நடந்து வரைய மாதக்கணக்காகும்.

சரி, மண்ணுக்கு வருவோம். சாதாரணப் பாறையில் தங்கம் நூறு கோடியில் சில பங்குதான். அவ்வளவு அற்பமான அளவைத் துரத்துவதைவிட, அதோடு சேர்ந்து வரும் ஆர்சனிக்கைத் துரத்துவது சுலபம். அது தங்கத்தைவிட அகலமாகப் பரவும், அளப்பதும் எளிது. ஓடை வண்டலை 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்மண்ணைச் சோதனைக்கு அனுப்புவது பழைய வழக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசிய வரைபடத் திட்டம் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்று போகிறது. அதில் அளவு கூடிய கட்டங்களில் இறங்கி, நெருக்கமாக மண் எடுத்தால் இடம் சுருங்கும்.

இந்த முறையிலும் கண்ணி இருக்கிறது. நம் ஓடைகள் எல்லாம் ஏரிக்கு ஏரி தடுக்கப்பட்டவை. கரைக்குக் கீழே எடுத்த வண்டலில் மேலே உள்ள மலையின் சேதி பெரும்பாலும் இருக்காது, ஏரிக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம், ஒரு நிலக்கடலைக் கொல்லையில் ஆர்சனிக் திடீரென்று ஏறியிருந்தது. இரண்டு நாள் அந்த வரப்பைச் சுற்றியே அலைந்தோம். கொல்லைக்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, "அது ஏரி மண்ணுப்பா, வண்டி வச்சுக் கொட்டினது" என்றார். எங்கள் கணக்கில் இருந்த புதையல் மூன்று கிலோமீட்டர் தள்ளிய ஏரியிலிருந்து வந்த வண்டல்! தங்கவயலில் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகளுக்குக் காற்றடிக்கும் திசையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

தங்கத்தையே அளப்பதென்றால் இன்னொரு தொல்லை. ஒரு பிடி மண்ணில் ஒரு துகள் விழுந்தால் பெரிய எண், விழாவிட்டால் சுழி. அதனால் இரண்டு மூன்று கிலோ மண்ணை எடுத்து சயனைடு கரைசலில் கரைத்து அளப்பார்கள். செலவு கூடும், ஆனால் எண்ணை நம்பலாம்.

கேரளப் பக்கம், நிலம்பூர், அட்டப்பாடியில் போட்டியே இல்லை. காடும் செம்பாறையும் மூடிய இடத்தில் படத்தில் மரம்தான் தெரியும். சாலியாற்று மணலைத் தட்டில் அரித்துத் தங்கம் பார்த்தவர்கள் செய்ததும், யோசித்துப் பார்த்தால், ஓடை வண்டல் சோதனைதான்.

என்னைக் கேட்டால், படத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள், அதுவும் எங்கே போகக்கூடாது என்று முடிவெடுக்க. மீதிப் பணம் முழுவதும் மண்ணுக்கு. ஏரி மண் அடித்த கொல்லைகளில் கரையான் புற்றிலிருந்து எடுங்கள். கரையான் பல மீட்டர் ஆழத்து மண்ணை ஈரத்தோடு மேலே கொண்டுவரும், அதில் வண்டி மண் கலப்பது குறைவு. மஞ்சள் குங்குமம் வைத்த புற்றை மட்டும் தொடாதீர்கள். ஊரில் கேட்டால் பக்கத்திலேயே வேறு புற்று காட்டுவார்கள்.