என் முதல் ஏர் ரைஃபிள்: 15 வருடத்துக்குப் பிறகு ஒரு விமர்சனம்

துப்பாக்கி வாங்கி ஒரே வாரத்தில் விமர்சனம் எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. புதுசில் எல்லாமே நன்றாகத்தான் சுடும், இல்லையென்றாலும் கொடுத்த காசு நம்மை அப்படி நினைக்க வைத்துவிடும். நான் எழுதுவது 2009 பொங்கல் முடிந்த வாரம் வாங்கி, இன்றைக்கும் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு ஏர் ரைஃபிளைப் பற்றி. ஐந்துக்கு மூன்றரை தருவேன். அதில் அரை பழக்கதோஷம்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஜெர்மன்காரர்களின் பழைய டயானா 35 மாடலைப் பார்த்து நம் நாட்டில் பலர் செய்கிற வகை இது. துப்பாக்கியை நடுவில், குழல் சேரும் இடத்தில் மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், பெல்லட் (சின்ன ஈயக்குண்டு) வைத்து நிமிர்த்திச் சுட்டால் அந்த ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அமுக்கும் காற்று குண்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். கேஸ் சிலிண்டர் கிடையாது, பம்ப் கிடையாது. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர், பேச்சுவழக்கில் அங்குலக் கணக்கில் பாயிண்ட் ஒன் செவன் செவன்.

வாங்கிய காரணம் கொஞ்சம் அசட்டுத்தனமானது. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார், தனிநபர் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு, கேன்டீன் டிவியில் பார்த்தேன். கடைசிக் குண்டுக்கு 10.8. பத்துக்கு மேல் எப்படி மதிப்பெண் வரும் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. பிறகுதான் படித்தேன்: அந்த அட்டையில் பத்து என்பதே அரை மில்லிமீட்டர் புள்ளி, இறுதிச் சுற்றில் அதன் நடுவை எவ்வளவு நெருங்கினோம் என்று தசமத்தில் அளப்பார்கள். அரை மில்லிமீட்டர், பத்து மீட்டர் தூரத்தில், நின்றுகொண்டு! அன்றைக்குப் பிடித்தது.

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி புதிதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, அப்பாருக்கு (அப்பாவின் அப்பா) காட்டுப்பன்றிக்காக உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் இருந்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் வகை. அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் போய் எடுத்துவருவது நன்றாக நினைவிருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேறு அலைவார். (2019 திருத்தத்துக்குப் பிறகு அது ஐந்து வருடம்.) அவருக்குப் பிறகு யாரும் அந்த அலைச்சலுக்குத் தயாராக இல்லை, ஒப்படைத்துவிட்டார்கள். ஆகவே துப்பாக்கி என்றாலே அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸ் ஞாபகம்தான் வரும்.

"எதுக்கு, காக்கா சுடவா?" என்றார். உரிமம் வேண்டாத வகை என்று புரியவைக்க இரண்டு வாரம் ஆனது.

கோயம்புத்தூரில் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. கண்ணாடி அலமாரிக்குள் இரட்டைக்குழல்கள் சங்கிலி போட்டு வரிசையாக நின்றன. பெரியவர் ஒருவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "லைசென்ஸ் இருக்குதுங்களா தம்பி?" என்றார். "ஏர் ரைஃபிள்ங்க" என்றேன். பேனாவை மூடிவிட்டு உள்ளே போய் மூன்று அட்டைப்பெட்டி கொண்டுவந்து வைத்தார், அவ்வளவு மரியாதைதான் அந்தச் சரக்குக்கு. ஆனால் அவசரப்படுத்தவில்லை, மூன்றையும் தொட்டுப் பார்க்க விட்டார்.

எனக்குக் கட்டையின் பாலிஷ்தான் கண்ணில் பட்டது. பளபளப்பாக இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா மோட்டார் மெக்கானிக். அவர் அதை வாங்கி, குழலைப் பாதிவரை மெதுவாக மடக்கி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். "இதுல ஸ்பிரிங் கரகரங்குது. அடுத்ததை எடுங்க." அடுத்ததையும் கேட்டார். பிறகு குழலை நிமிர்த்திப் பூட்டி, சேரும் இடத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார், ஆட்டம் இருந்தது, அதையும் தள்ளிவைத்தார். மூன்றாவது பார்க்க மங்கலாக, கட்டையில் ஒரு முடிச்சோடு இருந்தது. அதுதான் வந்தது. 3,200 ரூபாய், பெல்லட் டப்பா தனி. இன்றைக்கும் யார் இந்த வகை வாங்கக் கேட்டாலும் நான் சொல்வது இதுதான், பாலிஷைப் பார்க்காதீர்கள், மடக்கும்போது காதை வையுங்கள், நிமிர்த்தியபின் ஆட்டிப் பாருங்கள். கடையில் குண்டில்லாமல் விசையை இழுத்துக் காட்டச் சொல்லாதீர்கள், எதிரே குண்டின் தடை இல்லாமல் பிஸ்டன் முட்டும், சீக்கிரம் கெடும்.

கடைப் பெரியவர் அடையாள அட்டை நகல் வாங்கிக்கொண்டு நோட்டில் எழுதினார். இப்போது 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூல் சக்திக்கும் 4.5 மில்லிமீட்டருக்கும் உட்பட்டதற்கு உரிமம் தேவையில்லை. அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெல்லட் விநாடிக்கு 270 மீட்டர் போனால்தான் 20 ஜூலை நெருங்கும். நம்முடையது அதில் பாதியைத் தொட்டாலே பெரிது.

பஸ்ஸில் சாக்கு சுற்றி எடுத்துவந்தோம். கண்டக்டர் "என்னங்க, பைப்பா?" என்றார். அப்பா சிரிக்காமல், "மருந்தடிக்கிற பைப்புங்க" என்றார்.

முதல் குண்டு தோப்பில். நார்க்கழிவை ஒரு சாக்கில் கெட்டியாக அமுக்கித் தைத்து, அதன்மேல் காலண்டர் தாள் ஒட்டினேன். இது தற்செயலாக அமைந்த நல்ல விஷயம், ஈயம் அதில் புதைந்துவிடும், திரும்பி வராது. தென்னை மரத்தையோ சுவரையோ குறிவைத்தால் திரும்பிவந்து கன்னத்தைப் பதம் பார்க்கும். சுட்டேன், ட்டக் என்று சத்தம், குழல் வாயிலிருந்து புகை, தீய்ந்த எண்ணெய் வாடை. எரிந்துவிட்டது என்று பயந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகர்ந்துவிட்டு, "டீசல் எஞ்சின் கதைதான்" என்றார். சரியாகத்தான் சொன்னார். கம்பெனியில் அப்பிய எண்ணெய் உள்ளே இருக்கும், பிஸ்டன் காற்றை அமுக்கும் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். ஐம்பது அறுபது குண்டில் நின்றுவிடும்.

தாளில் ஐந்து ஓட்டை. அன்றைய தேதிக் கட்டத்தைக் குறிவைத்தேன், ஒன்று அடுத்த வாரத்தில் விழுந்திருந்தது, ஒன்று சாமி படத்துக்குக் கீழே.

ஒரு மாதம் துப்பாக்கியைத்தான் திட்டினேன். ஸ்பிரிங் வகையின் பிரச்சினை இது: குண்டு குழலைத் தாண்டுவதற்குள் உள்ளே கனமான பிஸ்டன் ஓடி முட்டுகிறது, மொத்தத் துப்பாக்கியும் முதலில் பின்னால் உதைத்து உடனே முன்னால் உதறுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். தளர்வாக, இடது உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து, அதன்மேல் சும்மா வைத்துச் சுட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்ட அன்றைக்குப் பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. திருவிழாவில் பலூன் சுட்டு ஏமாந்தவர்களுக்கு ஆறுதலாக ஒன்று, அங்கே கோளாறு பாதி குறிக்கம்பியில், மீதி நீங்கள் பிடித்த பிடியில்.

குறைகள். குறிபார்க்கப் பின்பக்கம் இருக்கும் பின்குறியின் திருகு நூறு குண்டுக்கு ஒருமுறை தளரும், நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன், நின்றது. கட்டையை இரும்போடு சேர்க்கும் மூன்று திருகுகளும் அப்படித்தான், உதைக்க உதைக்கக் கழன்றுவரும். விசை ரொம்பக் கனம், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், எப்போது விடும் என்று தெரியாது. வியர்த்தால் பாலிஷ் கையில் பிசுபிசுக்கும், மே மாதம் தொடவே முடியாது. பிஸ்டன் வாஷர் தோல், மாதம் ஒரு சொட்டு எண்ணெய் கேட்கும், மறந்தால் காய்ந்து சக்தி போய்விடும். மூன்றாம் வருடம் ஸ்பிரிங் உடைந்தது. கடைப் பெரியவர் 250 ரூபாய்க்கு மாற்றித் தந்தார். கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஆபத்து ஒன்று: குழல் மடங்கிய நிலையில் விசையில் கை பட்டால் குழல் சாட்டை மாதிரி எகிறி நிமிரும், விரல் நடுவில் இருந்தால் போச்சு. எனக்குக் கட்டைவிரல் நகம் கறுத்தது, இரண்டு மாதம். பெல்லட் வைக்கிற நேரம் முழுக்க மறுகை குழலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

அப்புறம் பறவைகள். ஊரில் இதற்குப் பெயரே குருவி சுடுகிற துப்பாக்கி. வாங்கிய செய்தி பரவியதும் இரண்டு பேர் மயில் தொல்லை என்று வந்தார்கள், மிளகாய் நாற்றெல்லாம் போகிறதாம். கஷ்டம் உண்மைதான், ஆனால் மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் ஜெயில். அப்பத்தாவின் சட்டம் அதைவிடக் கடுமை. "காக்காயைக் கீக்காயைச் சுட்டுப்போடாதே கண்ணு, உங்க அப்பாரு தினமும் அந்த முருங்கையிலதான் வந்து உக்கார்றாரு." அந்தப் பக்கம் குழலைத் திருப்பியதே இல்லை. ஆயுத பூஜைக்கு அப்பாவின் ஸ்பேனர்கள், தேங்காய் உரிக்கிற பாரை, அரிவாள்மனை வரிசையில் இதற்கும் சந்தனப் பொட்டு வைத்தது அப்பத்தாதான். ஒரு வருடம் குறிக்கம்பியின் மேலேயே வைத்துவிட்டார், சுரண்டி எடுக்க அரைமணி நேரம் ஆனது.

யார் வாங்கலாம்? மகன் அல்லது மகள் போட்டிக்குப் போக வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள். போட்டி ரைஃபிள் வேறு சாதி, அடைத்த காற்றில் உதைப்பே இல்லாமல் சுடும், வெளிநாட்டுச் சரக்கு லட்சத்தைத் தாண்டும். பக்கத்து ரைஃபிள் கிளப்பில் சேர்த்து அவர்கள் துப்பாக்கியிலேயே ஆரம்பிக்க விடுங்கள். தோப்போ மொட்டைமாடியோ இருந்து, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சுவரும் நார்மூட்டையும் வைக்க இடம் இருந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தாளில் ஓட்டை போட ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம். சுட்டு முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், பெல்லட் ஈயம்.

போன மாதம் பீரோவிலிருந்து எடுத்தேன். குழலில் லேசாகத் துரு, கட்டையில் ரசகற்பூர வாசனை. மடக்கிக் காதில் வைத்தேன், கரகரக்கவில்லை. அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "வாஷருக்கு எண்ணெய் விடு" என்றார்.