நாய்க்கு பிஸ்கட் கொடுத்தவரை நம்பி 245,000 ரூபா போனது: ஹட்டன் பக்கம் வாடகை வீடு தேடுகிறவர்கள் வாசியுங்கள்

நாங்கள் ஏமாந்த அந்த வாடகை வீட்டு விளம்பரம் இன்று காலை மறுபடியும் வந்திருக்கிறது. அதே மூன்று படங்கள். "நாய், பூனை வைத்திருப்பவர்களும் வரலாம்" என்ற அதே வரி. பார்த்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன், கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

2025 நவம்பரில் டித்வா புயல் மழைக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் நாத்தனார் வீட்டில் இருந்தோம். நானும் கணவரும், மாமியாரும், எங்கள் ஜிம்மியும். வீடு தேடாத இடம் இல்லை. நாய் என்று சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். "நாயை எங்கேயாவது விட்டுட்டு வாங்க" என்று ஒரு அம்மா சொன்னார். ஏழு வருஷம் எங்களோடு இருந்தவனை எங்கே விடுவது?

அந்த நேரத்தில்தான் வீடு, காணி விளம்பரம் போடுகிற ஓர் இணையத்தளத்தில் இது கண்ணில் பட்டது. டவுனுக்குப் பக்கத்தில் நான்கு மாடிக் கட்டடம், இரண்டாம் மாடி, மாதம் 35,000. புரோக்கர் அன்றைக்கே கூட்டிப்போனார். புது பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியது. அறுபது வயதிருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு. எங்களைப் பார்க்கவே இல்லை, நேரே குனிந்து ஜிம்மியின் தாடையைத் தடவினார். சட்டைப் பையிலிருந்து மலிபன் பிஸ்கட் ஒன்றை எடுத்து பாதியாக உடைத்து, ஒரு பாதியை அவன் வாயில் வைத்தார். "நானும் நாய் வளத்தவன் மகள். வாயில்லா ஜீவன வெரட்டுறவன் மனுசனா?" என்றார். ஐந்து மாதமாக எல்லோரும் விரட்டிய நாய்க்கு ஒருத்தர் பிஸ்கட் கொடுக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

ஆறு மாத அட்வான்ஸ் 210,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 35,000. மொத்தம் 245,000 ரூபா. நகையை அடகு வைத்துக் கட்டினோம். கடையில் விற்கிற அச்சடித்த ஃபோம் ஒன்றில் முத்திரை ஒட்டிச் சொந்தக்காரர் கையெழுத்து வாங்கினார். "சேதம் ஏற்படின் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அதில் ஒரு வரி இருந்தது. கேட்டேன். "அது எல்லா ஃபோம்லயும் இருக்கிறது" என்றார். நாய் வைத்திருப்பதையும் எழுதுவோமா ஐயா என்று கேட்டேன். "நம்ம ஆளுங்களுக்குள்ள என்னத்துக்கு எழுத்து? என் வாய் வார்த்த போதும்." தடுப்பூசி அட்டையை நீட்டினேன், அதையும் பார்க்கவில்லை.

மே ஆரம்பத்தில் குடிபோனோம். மாதக் கடைசியில் மழை பிடித்தது. மலைநாட்டுக் கட்டடங்கள் உங்களுக்குத் தெரியும்தானே, ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டாம் மாடி, பின்பக்கம் போனால் சுவரும் மண்மேடும் ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் குசினியும் குளியலறையும் அந்தப் பக்கம். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஓடும் கான் குப்பையால் அடைபட்டு, தண்ணீர் முழுக்க சுவருக்குள் இறங்கியது. புது பெயின்ட் மூன்றே நாளில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் தண்ணீர் வந்தது.

முதலில் கண்டுபிடித்தது ஜிம்மிதான். குளியலறை ஈரத்தில் முன்காலை வைத்தான், வீரிட்டுக் கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடினான். அதற்குப் பிறகு பிஸ்கட்டைக் காட்டினாலும் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. குளிக்கப் பயப்படுகிறான் என்று நினைத்து நான் அதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மறுநாள் மாமியார் சொன்னார், "குழாயத் தொட்டா சுள்ளுங்குது."

தெரிந்த கரண்ட் பாஸ் (எலக்ட்ரீஷியன்) ஒருவரைக் கூட்டிவந்தோம். டெஸ்டரைக் குழாயில் வைத்தார், எரிந்தது. போர்டில், கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்சில் 'டி' (T) என்று எழுதிய சின்னப் பட்டனை அழுத்தினார், சுவிட்ச் விழுந்தது, லைட் எல்லாம் அணைந்தது. ஆனால் குளியலறை ஹீட்டரில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. போர்டு மூடியைக் கழற்றிக் காட்டினார். மெயினிலிருந்து ஒரு வயரைத் தனியாக இழுத்து, ட்ரிப் சுவிட்சைத் தொடாமல் நேரே ஹீட்டருக்குக் கொடுத்து, கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். எர்த் வயர் வெட்டிக் கிடந்தது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய சுவிட்ச் அது. சுவர் ஈரத்தில் அடிக்கடி விழுந்திருக்கும். கசிவைத் திருத்தாமல் சுவிட்சைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். "இது மனுசர் இருக்கிற வீடா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு பாஸ் ஹீட்டர் வயரைக் கழற்றிப் போட்டார்.

அன்றைக்கே சொந்தக்காரருக்கு எடுத்தேன். "நாளைக்கு ஆள் அனுப்புறேன் மகள்." அடுத்த நாள் "மழை விடட்டும்." அதற்கடுத்து மூன்று நாள் போன் எடுக்கவில்லை. போர்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நான்காம் நாள் அவரே எடுத்தார். குரல் மாறிப்போயிருந்தது. "ஒங்க நாய் வயரக் கடிச்சிருக்கும். நாய் வச்சிக்கலாம்னு எங்க எழுதியிருக்கு? சுவரையும் நாய்தான் நாசமாக்கியிருக்கு. வீட்டக் காலி பண்ணுங்க, அட்வான்ஸ் சேதத்துக்குச் சரி." ஆறடி உயரத்தில் இருக்கிற போர்டுக்குள் நாய் எப்படி வயரைக் கடிக்கும் என்று கேட்டேன். வைத்துவிட்டார். என்னை மகள் என்று கூப்பிட்ட வாய் அது.

புரோக்கர், "வீட்டக் காட்டுறது மட்டுந்தான் என் வேல." விளம்பரத் தளத்துக்கு முறைப்பாடு எழுதினால் நன்றி சொல்லி இயந்திரப் பதில் ஒன்று வந்தது. பொலிஸில், இது பணப் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். போயிருக்கிறோம், விசாரணைத் தவணை இன்னும் வரவில்லை. சட்டத்தரணி ஒருவரிடம் அந்த ஃபோமைக் காட்டினேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு (பத்திரம் எழுதிச் சான்று கொடுக்கிறவர்) முன்னால் எழுத வேண்டும், 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, இந்தத் தாளை வைத்துக் குத்தகை என்று வாதாட முடியாது என்றார். 245,000 ரூபா. அடகுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் மறுபடியும் நாத்தனார் வீட்டில்.

எழுதுவதாகச் சொன்னது இதுதான், இப்போது நிதானமாக வரவில்லை. வீடு பார்க்கப் போனால் முதலில் கட்டடத்தின் பின்பக்கம் போய் மண்மேட்டையும் கானையும் பாருங்கள். மழை நாளில் போங்கள். நுவரெலியா மாவட்டத்தில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும், அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 'டி' பட்டனை அழுத்துங்கள், ஹீட்டர் உட்பட எல்லாம் அணைய வேண்டும். ஒன்று அணையாவிட்டாலும் காசு கொடுக்காதீர்கள். நாயோ பூனையோ இருந்தால் அதன் பெயரோடு நொத்தாரிசு எழுத்தில் வர வேண்டும். குடிபோகும் அன்றே சுவர், போர்டு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் எங்களுக்குக் கீழ் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. ஹீட்டரைத் தொட வேண்டாம் என்று கதவைத் தட்டிச் சொல்லி, மின்சார முறைப்பாட்டுக்கான 1987 இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டவுனுக்குப் பக்கத்தில் 35,000 ரூபாவுக்கு, நாயும் வரலாம் என்று போட்டிருக்கிற வீட்டைப் பார்க்க யாராவது கிளம்பினால், போவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். எந்தக் கட்டடம் என்று சொல்கிறேன்.