பழைய பிசி கேம் பெட்டி வாங்கும் முன் இரண்டாவது டிஸ்க்கின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய கேம்களைப் பெட்டியோடு ஆன்லைனில் தேடி வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். நான் ஏமாந்து மூன்று வாரம் ஆகிறது. பணம் திரும்ப வரவில்லை, திருடுபோன ஆன்லைன் கணக்குகளில் ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை, ஏமாற்றிய ஆளோ இன்றைக்கும் அதே கேமை விற்றுக்கொண்டிருக்கிறார்.

2001இல் வந்த ஸ்ட்ராட்டஜி கேம் அது. இரண்டு சிடி: முதலாவது இன்ஸ்டால் செய்ய, இரண்டாவது விளையாடும்போது ட்ரைவில் இருந்தே ஆக வேண்டியது. சின்ன வயதில் அண்ணனும் நானும் ஒரே கீபோர்டில் முறை வைத்து விளையாடியது, எங்கள் பெட்டி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அண்ணன் பிறந்தநாளுக்கு அதையே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பழைய கேம்களைக் காப்பித் தடுப்புப் பூட்டு இல்லாமல் சட்டப்படி விற்கும் ஜிஓஜி தளத்தில்தான் முதலில் தேடினேன், அங்கே இல்லை. அப்புறம்தான் பழைய பொருள் விற்கும் தளத்துக்குப் போனேன்.

விற்பவர் நன்றாகத்தான் பேசினார். "பக்கா ஒரிஜினல் ப்ரோ, பாக்ஸ், மேனுவல், சீரியல் நம்பர் எல்லாம் இருக்கு" என்றார். படத்தில் பெட்டி, மேனுவல், முதல் டிஸ்க் மூன்றும் இருந்தன. இரண்டாவது டிஸ்க்கின் படத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி வந்தது. விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் யுஎஸ்பி ட்ரைவை மாட்டி இன்ஸ்டால் செய்தேன், எந்தத் தடங்கலும் இல்லை. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டு ஐகானை அழுத்தினால் மவுஸ் பக்கத்தில் வட்டம் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. பிழைச் செய்திகூட இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன், அதே கதைதான்.

அவரிடம் கேட்டதும் பதில் உடனே வந்தது: "டிஸ்க் சூப்பரா இருக்கு ப்ரோ, இது விண்டோஸ் பிரச்சினை. நீங்க பொருள் வந்துருச்சுன்னு கன்ஃபர்ம் பண்ணிடுங்க, நான் அதைச் சரிபண்ற பேட்ச் ஃபைல் அனுப்புறேன்."

இதில் பாதி உண்மை, அதனால்தான் நான் நம்பினேன். அந்தக் காலத்து கேம்கள் நிறையவற்றில் சேஃப்டிஸ்க் என்ற காப்பித் தடுப்பு இருந்தது. டிஸ்க்கில் வேண்டுமென்றே சில இடங்களைப் பிழையோடு பதிந்து வைப்பார்கள், சாதாரண சிடி ரைட்டர் அந்தப் பிழைகளை அப்படியே எழுதாது, கேம் திறக்கும்போது அவை இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் திறக்காது. அந்தச் சோதனைக்கு செக்டிஆர்வி.சிஸ் என்ற ட்ரைவர், அதாவது ஒரு சிறு மென்பொருள், விண்டோஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. 2007இல் அந்த ட்ரைவரிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை எடுத்துவிட்டது, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட்டில் பழைய விண்டோஸ்களான விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. அதாவது காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க்காகவே இருந்தாலும் இன்றைய விண்டோஸில் அந்தப் பூட்டு திறக்காது. இதையெல்லாம் அன்று இரவே தேடிப் படித்துவிட்டு, பாவம், அவர் சொன்னது சரிதான் என்று நினைத்து கன்ஃபர்ம் பட்டனை அழுத்திவிட்டேன். அந்த நொடியில் பணம் அவருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பேச்சை அந்தத் தளத்திலிருந்து வேறு ஆப்புக்கு மாற்றச் சொன்னார். அங்கே ஒரு ஜிப் ஃபைல் வந்தது, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. "டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு ஓடவிடுங்க, கிராக் எதுவா இருந்தாலும் வைரஸ்னுதான் காட்டும்" என்றார். இதிலும் பாதி உண்மை. பூட்டை உடைக்கும் கிராக் ஃபைல்களை டிஃபெண்டர் போன்ற ஆன்டிவைரஸ் பல சமயம் சும்மாவே சந்தேகப்படும், அதனால் எது நல்லது எது கெட்டது என்று நம்மைப் போன்றவர்களால் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஜிப்புக்கு பாஸ்வேர்டு எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை ஸ்கேன் செய்ய முடியாது, அதற்காகத்தான்.

ஓடவிட்டேன். கேம் திறந்தது. அன்று மாலை அண்ணனும் நானும் மூன்று மணி நேரம் விளையாடினோம், அவன் முகத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான்காம் நாள் காலையில், புதிய இடத்திலிருந்து லாகின் ஆனதாக மெயிலுக்கு மேல் மெயில். என் கேம் கணக்கின் மெயில் முகவரியையே மாற்றிவிட்டார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தும் எப்படி நுழைந்தார்கள் என்று குழம்பிப்போனேன். அந்த பேட்ச் பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளோடு, நாம் லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் எடுத்துப் போயிருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் லாகினையே திருடிவிட்டால் ஓடிபி கேட்கும் கட்டமே வராது. இப்படி யாருக்காவது நடந்தால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். மாற்றுவதை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து செய்யுங்கள், முதலில் மெயில் கணக்கை, பிறகு மற்றவற்றை, ஒவ்வொன்றிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள். எனக்கு இதற்கு ஒரு வார இறுதி முழுவதும் போனது.

எல்லாம் ஓரளவு அடங்கிய பிறகு, மனது கேட்காமல், பரணில் கிடந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை இறக்கி அதில் கேமைப் போட்டுப் பார்த்தேன். பழைய எக்ஸ்பியில் அந்த ட்ரைவர் இருக்கிறது, அதனால் ஒரிஜினல் டிஸ்க் என்றால் ஓடியே ஆக வேண்டும். 'சரியான சிடி-ரோமைப் போடவும்' என்று செய்தி வந்தது. அப்போதுதான் இரண்டு டிஸ்க்கையும் கையில் எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முதலாவது சுத்தமான வெள்ளி நிறம், நடு ஓட்டையைச் சுற்றிய பளபளப்பான வளையத்தில் பார்கோடும் பொடி எழுத்துகளும் இருந்தன. இரண்டாவதில் லேசான பச்சைச் சாயல். ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு வட்டக் கோடு, கோட்டுக்கு உள்ளே ஒரு நிறம், வெளியே இன்னொரு நிறம், எழுதியது அங்கே முடிந்திருக்கிறது. மேல்பக்கம் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டினால் ஓரம் எழும்பியது. வீட்டில் ரைட் செய்த காப்பி. விண்டோஸ் 11இல் ஒரிஜினலும் ஓடாது, காப்பியும் ஓடாது, அதனால் காப்பி விற்றாலும் வாங்குகிறவனுக்குத் தெரியப்போவதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த ஆள் பிழைக்கிறார்.

தளத்தில் புகார் கொடுத்தேன். நான் கன்ஃபர்ம் செய்துவிட்டேன், பேச்சும் வெளியே நடந்திருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. ஆகவே கேம் உங்கள் கண் முன்னால் ஓடும்வரை கன்ஃபர்ம் செய்யாதீர்கள், தளத்தை விட்டு வெளியே பேச அழைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சற்றுப் பின்னால் வந்த பெட்டிகளில் வேறு விதமான பூட்டு. ஸ்போர் 2008இல் வந்தபோது மூன்று கம்ப்யூட்டரில் மட்டுமே ஆக்டிவேட் செய்யலாம் என்று வைத்தார்கள், கூச்சல் எழுந்த பிறகு ஐந்தாக்கினார்கள். அப்படிப்பட்ட கேமைப் பழைய பெட்டியாக வாங்கினால் முன்னால் வைத்திருந்தவர் எத்தனையைச் செலவழித்தார் என்று யாருக்குத் தெரியும்? ஹாஃப்-லைஃப் 2 போல 2004 முதல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் கணக்கோடு கட்டிய கேம்களில் சீரியல் ஒரு தடவை ஒருவர் கணக்கில் ஏறிவிட்டால் அடுத்தவருக்கு அந்த டிஸ்க்கால் பயனில்லை. ஆக, வாங்கும் முன் அந்த கேமில் எந்தப் பூட்டு என்று தேடிப் பாருங்கள். டிஸ்க் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட அது முக்கியம்.

'இதெல்லாம் கைவிடப்பட்ட கேம், யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாக எடுக்கலாம்' என்றும் அவர் ஒரு இடத்தில் சொன்னார். அப்படி ஒரு வகை சட்டத்தில் கிடையாது. விற்பனையை நிறுத்திவிட்டால் உரிமை போய்விடாது. எனக்குக் கோபம் இந்தப் பூட்டு போட்டவர்கள் மேலும்தான். திருட்டுக் காப்பி எடுத்தவர்கள் அன்றைக்கே கிராக் போட்டு விளையாடி முடித்துவிட்டார்கள், ஒழுங்காகப் பணம் கட்டி டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவர்தான் இருபது வருடம் கழித்து முகம் தெரியாத ஒருவர் அனுப்பும் ஃபைலை நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. விற்பனை முடிந்த கேமுக்குப் பூட்டை எடுத்துவிட்டு ஒரு கடைசி பேட்ச் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சில நிறுவனங்கள் செய்தன, பல செய்யவில்லை.

அந்த விளம்பரம் நேற்றும் இருந்தது, புகார் கொடுத்தும் எடுக்கவில்லை. விற்பவர் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. படத்தில் மேனுவலின் பின்னட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள், கீழ் மூலையில் யாரோ குழந்தை நீல மையில் சின்னதாக ஒரு கப்பல் வரைந்திருக்கும். அந்த மேனுவல் மூன்று வாரமாக என் மேசையில் இருக்கிறது.