எஃப் 1.2 லென்ஸோடு நாலு வைகாசி

கேனன் ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.2 எல். இந்த லென்ஸ் என் கைக்கு வந்தது 2021 மார்கழியில். கனடாவில் இருக்கிற பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, ஊருக்கு வரும்போது உடுப்புப் பெட்டிக்குள் துவாயால் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து என் ஆர்6 கமராவில் பெரும்பாலும் இதுதான் பூட்டியிருக்கும். கல்யாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, கூத்து, நந்திக்கடலில் இராத்தொழில் என்று முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் இதால் எடுத்தவை. வாங்கலாமா அண்ணா என்று தம்பிமார் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் இருந்து எழுதுகிறேன்.

முதலில் காசு. 2018 இல் வந்தபோது இதன் விலை அமெரிக்காவில் 2,299 டொலர். அதே கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 2020 இல் 199 டொலருக்கு வந்தது. பதினொன்றரை மடங்கு வித்தியாசம். நான் வாங்கும்போது டொலர் இருநூறு ரூபா அளவில் நின்றது. வேறு செலவு சேர்க்காமலே நாலரை லட்சத்துக்கு மேல். நாலு வருடம் கல்யாணவீடுகளில் சேர்த்த காசும் அம்மாவின் சீட்டுக்காசும் அதோடு போயிற்று. 2022 பங்குனியில் ரூபா மிதக்க விடப்பட்டு, வைகாசிக்குள் டொலர் 360 ரூபா வரைக்கும் ஏறியது. அதே லென்ஸ் எட்டேகால் லட்சம். "நல்லகாலம், முந்தி வாங்கிட்டாய்" என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வந்தது சந்தோசம் இல்லை, பயம். விழுந்து உடைந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. அந்த வருடம் சனம் கூடின இடத்துக்கெல்லாம் இதைக் கொண்டுபோகாமல் வீட்டில் பூட்டி வைத்தேன். வாங்கினதே சனத்துக்குள் நின்று எடுக்கத்தான்.

இந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸின் வாய் பெருக்கும். எஃப் 1.8 ஐ விட எஃப் 1.2 விடுகிற வெளிச்சம் 2.25 மடங்கு. ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். அதை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பதினொன்றரை மடங்கு காசுக்கு இரண்டேகால் மடங்கு வெளிச்சம். அதுவும் படத்தின் நடுவில், எஃப் 1.2 இல் திறந்தால் மூலைகள் இருட்டும். இவ்வளவு அகலத் திறக்கிற எந்த லென்ஸுக்கும் அது உள்ளதுதான். நிறை 950 கிராம், எஃப் 1.8 லென்ஸோ 160 கிராம். கமராவோடு சேர்த்தால் 1,630 கிராம், கழுத்தில் விடியும்வரை.

சரி, பிறகு ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள்.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு இரவு, அம்மம்மா பேரப்பிள்ளைகளுக்கு ஜாம் போத்தல் விளக்குச் செய்து காட்டினா. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த விளக்குத் தெரியும். போத்தலுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு குடிக்கிற அளவு மண்ணெண்ணெய், கம்பியில் கொழுவிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும், காற்றுக்கு அணையாது. அம்மா அதில் படித்துத்தான் சாதாரணதரம் எழுதினவ. அம்மம்மா விளக்கைக் கையில் தூக்கிப் பிடித்து, திரி சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஒரு மீற்றர் தள்ளி இருந்து எடுத்தேன். எஃப் 1.2, 60 இல் ஒரு செக்கன், ஐ.எஸ்.ஓ. 3200. ஐ.எஸ்.ஓ. என்பது கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு, கூட்டக் கூட்டப் படத்தில் மணல்போலப் புள்ளி விழும். கமராவோடு வருகிற எஃப் 4 லென்ஸ் என்றால் அதே படத்துக்கு ஐ.எஸ்.ஓ. 35,000 கேட்டிருக்கும். ஃபிளாஷ் போட்டிருந்தால் விளக்கே படத்தில் இருந்திருக்காது, வெறும் போத்தல்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அம்மம்மாவின் இடது கண், கண்ணுக்குள் ஒரு பொட்டுச் சுடர், கண்ணடிச் சுருக்கத்தில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக. கன்னத்திலிருந்து பின்பக்கம் மெல்ல மெல்ல மங்கி, இருட்டோடு இருட்டாகப் போயிருந்தது. இப்படி ஒரு படத்துக்காகத்தான் இந்த லென்ஸை வாங்க ஆசைப்பட்டேன். ஓடிப்போய்த் திரையை அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தா.

"முகம் வந்திருக்கு. விளக்கு எங்கயடா தம்பி?"

விளக்கு இருந்தது, மஞ்சள் புகைபோல. அதைப் பிடித்த கையும் புகைதான். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.2, ஒரு மீற்றர் தூரம் என்றால் தெளிவாக விழுகிற ஆழம் மூன்று சென்ரிமீற்றருக்கும் குறைவு. கண்ணுக்குப் பிடித்தால் காதில் தோடு இல்லை, முன்னே நீட்டிய கை இல்லவே இல்லை. நான் கண்ணைப் பார்த்து மயங்கியிருந்தேன். அம்மம்மா தான் செய்த விளக்கைத் தேடினா. லென்ஸ் ஒரு கையால் தருகிற வெளிச்சத்துக்கு மற்றக் கையால் ஆழத்தை எடுத்துக்கொள்கிறது. படித்து அறிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

உறைத்தும் தொழிலில் பிழை விட்டேன். அடுத்த வருடம் ஒரு கல்யாணவீடு. தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை பொம்பிளையின் தலைக்கு மேலால் கைவைத்துப் பொட்டு வைக்கிற கட்டம். மூன்று மீற்றரில் நின்றேன், அங்கே தெளிவான ஆழம் 26 சென்ரிமீற்றர் அளவு. பொம்பிளை தெளிவு, அரை அடி பின்னால் நின்ற மாப்பிள்ளை மங்கல். பின்னுக்கு நின்ற தாய் தகப்பன் யாரென்றே தெரியாது. அல்பம் கொடுத்த அன்று மாப்பிள்ளையின் தாய் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிவைத்தா. ஏசியிருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் 2009 க்கு முந்திய ஒரு படம்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பம் போன வீடுகள். எங்கள் வீட்டிலும் அம்மப்பாவின் படம் இல்லை. அப்படிப்பட்ட சனத்துக்கு அல்பம் செய்கிறவன் பின்வரிசையை மங்கலாக்கி அழகு பார்க்கக் கூடாது. அன்றிலிருந்து கல்யாணவீட்டில் எஃப் 2.8 க்குக் கீழே நான் போவதில்லை, ஆட்கள் கூடினால் எஃப் 5.6. அதற்கு நாலரை லட்சத்து லென்ஸ் தேவையும் இல்லை.

கூத்துக்கும் அப்படித்தான். முல்லைமோடி என்கிற எங்கள் பக்கத்துப் பாணியில் கோவலன் கூத்து விடிய விடியப் போகும். அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிக் கதியைக் கூட்டினால் ஆட்டக்காரர் சுழலுவார்கள். 250 இல் ஒரு செக்கனாவது வேண்டும். அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று எஃப் 1.2 க்குத் திறந்தால், ஆள் ஒரு அடி வைப்பதற்குள் ஃபோக்கஸை விட்டு வெளியே போய்விடுவார். கண்ணைத் தேடிப் பிடிக்கிற வசதி கமராவில் இருந்தும், முடியும் உடுப்பும் சேர்ந்து ஆடும்போது நாற்பது படத்தில் ஐந்தாறுதான் தேறியது. எஃப் 2 இல் வைத்து ஐ.எஸ்.ஓ. வைக் கூட்டினேன், பாதிக்கு மேல் தேறியது. இன்னொன்று: இப்போது களரிக்கு எல்.ஈ.டி. ஃபோக்கஸ் லைட் கட்டுகிறார்கள். சத்தம் வரக்கூடாதென்று எலெக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டி விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிட்டு எடுங்கள். மத்தளச் சத்தத்துக்கு முன்னால் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது.

வாய் பெருத்த இந்த அதிவேக லென்ஸ்களின் மேல் எங்களுக்குள்ள மோகம் பிலிம் காலத்தில் இருந்து வந்தது. 1961 இல் கேனன் 50 மி.மீ. எஃப் 0.95 லென்ஸை விட்டது. அதே ஆண்டு வந்த கோடக்குரோம் 2 வண்ணப் பிலிமின் வேகம், இப்போது ஐ.எஸ்.ஓ. என்கிறோமே அது, 25 தான். 25 ஐ வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் என்ன செய்வது? லென்ஸைத் திறப்பதைத் தவிர வழி இல்லை. இன்று என் கமராவில் 3200 என்பது சாதாரணம், அந்தப் பிலிமை விட ஏழு ஸ்டொப் வேகம். அதற்கு மேல் 2023 சித்திரையில் அடோபி லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவால் படத்தின் மணலை நீக்குகிற வசதியும் வந்துவிட்டது. ஐ.எஸ்.ஓ. 8000 இல் எடுத்த படத்தை அதில் விட்டுப் பார்த்தேன். எஃப் 1.2 க்கும் எஃப் 1.8 க்கும் இடையில் நான் காசு கொடுத்து வாங்கிய அந்த ஒரு ஸ்டொப், ஒரு பொத்தானில் கிடைத்தது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, உண்மையாக.

ஆனால் மென்பொருள் தர முடியாத ஒன்று இருக்கிறது. அதை நந்திக்கடலில் கண்டேன். அமாவாசையை ஒட்டிய இரவு, இறால் பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறார்கள். தலையில் கட்டிய ரோர்ச் தவிர வேறு வெளிச்சம் இல்லை. இருட்டில் கமரா முதலில் ஃபோக்கஸைப் பிடிக்க வேண்டும். படம் எடுப்பது அதற்குப் பிறகுதான். இந்தக் கமரா ஈ.வி. என்கிற வெளிச்ச அளவில் மைனஸ் 6.5 வரை, கிட்டத்தட்டக் கும்மிருட்டு வரை, ஃபோக்கஸ் பிடிக்கும் என்று கேனன் சொல்கிறது. அந்தக் கணக்கே எஃப் 1.2 லென்ஸைப் போட்டு எடுத்த கணக்கு. எஃப் 1.8 லென்ஸில் அங்கே ஃபோக்கஸ் முன்னும் பின்னும் தேடித் தேடி அலைந்தது. எஃப் 1.2 இல் டக்கென்று நின்றது. ஐந்து மீற்றர் தூரத்தில் தெளிவான ஆழமும் முக்கால் மீற்றர் அளவு கிடைக்கும், ஒரு ஆளுக்கும் வலைக்கும் தாராளம். வலையைத் தூக்கி உதறுகிற கை, உதறும்போது தெறிக்கிற தண்ணீர், வலையில் துள்ளுகிற இறாலின் கண் ரோர்ச் பட்டுச் சிவப்பாக மினுங்குவது, எல்லாம் வந்தது. இந்தப் படங்களை வேறு எதாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்.

வற்றாப்பளை அம்மன் கோயிலும் அப்படி. பொங்கலுக்கு முந்திய திங்கள் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்தக் கடல்நீரில் விளக்கெரிப்பது வழமை. அடுத்த திங்கள் வைகாசிப் பொங்கல். பொங்கல் இரவில் வெளிவீதியில் கற்பூரச்சட்டி ஏந்தி வருகிற பெண்களின் முகத்தில் கீழிருந்து படுகிற வெளிச்சம் உலகத்தில் எந்த ஸ்ரூடியோவிலும் கட்ட முடியாதது. கும்பிடுகிற முகத்துக்கு முன்னால் ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது, அடிக்கிறவர்களைக் கண்டால் கோபம் வரும். உப்புநீரில் விளக்கெரித்த அம்மனின் முற்றத்தில் எங்கள் வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்ட என்ன தேவை? இரண்டு மீற்றரில் நின்று, எஃப் 1.4 இல், மூச்சைப் பிடித்து எடுக்கிறேன். பத்தில் எட்டுப் பிழைக்கும். தேறின இரண்டையும் பார்க்கும்போது வாங்கினது பிழையில்லை என்று தோன்றும்.

பராமரிப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எங்களுக்கு மாரி. வீட்டுச் சுவரே வியர்க்கும். 2023 தையில் கைத்தொலைபேசி ரோர்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி நூல்போல ஒன்று. பங்கசு, பூஞ்சணம். பிழை என்னுடையது, கமராப் பைக்குள் மூடி வைத்திருந்தேன். பையின் பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது. கொழும்பில் ஒரு திருத்துமிடத்தில் கழற்றித் துடைத்துத் தந்தார்கள். இரண்டு மாதம் இழுத்தார்கள், வாங்கிய காசுக்கு இரண்டு எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாம். இப்போது அரிசி போடுகிற இறப்பர் வளையம் வைத்த டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். கிழமைக்கொருமுறை வெயில் பட விடுகிறேன், மூடி திறந்து, பத்து நிமிசம்.

எஃப் 0.95 ஆசையும் ஒருமுறை தீர்ந்தது. வவுனியாவில் ஒரு நண்பரிடம் கையால் ஃபோக்கஸ் செய்கிற ஒன்றை வாங்கி இரண்டு கிழமை வைத்திருந்தேன். விளக்கைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக விளிம்பு கட்டியது, அசையாத பொருளைத் தவிர எதையும் பிடிக்க முடியவில்லை. எஃப் 1.2 ஐ விட 1.6 மடங்கு வெளிச்சம், அதற்காக அவ்வளவு பாடு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

தொழில் தொடங்குகிற தம்பிமாருக்கு: எஃப் 1.8 வாங்குங்கள். மிச்சக் காசில் ஈரம் புகாத பெட்டி, இரண்டாவது பற்றரி, இரண்டாவது ஹார்ட்டிஸ்க், அதற்கும் மேலே அச்சுச் செலவு. படத்தை அச்செடுத்துக் கொடுங்கள். ஃபோனில் இருக்கிற படம் ஃபோனோடு போய்விடும். இராத்தொழில், வீதியில் கற்பூரச்சட்டி, கிடுகுக்கொட்டிலில் ஒற்றை விளக்கு, இவைதான் உங்கள் வேலை என்று ஆன பிறகு எஃப் 1.2 ஐப் பற்றி யோசியுங்கள். நான் விற்கப்போவதில்லை. ஆனால் அதைத் திறக்கிற நேரம் குறைந்துவிட்டது.

போன மாரியில் ஒரு இரவு மழையோடு கரண்ட் போனது. அம்மம்மாவிடம் போத்தலைக் கொடுத்து, திரும்ப ஒருக்கால் பிடிக்கச் சொன்னேன். விளக்கை முகத்துக்குக் கிட்டப் பிடிக்க வைத்து, நான் ஒன்றரை மீற்றர் தள்ளிப் போய், கதிரை முதுகில் கமராவை ஊன்றி, எஃப் 2.8, 30 இல் ஒரு செக்கன், ஐ.எஸ்.ஓ. 8000. முகமும் வந்தது, கையும் வந்தது, கறுத்த திரியின் நுனியும் வந்தது. முல்லைத்தீவில் அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன். அம்மம்மா மடியில் வைத்துப் பார்த்துவிட்டு,

"இன்னும் ஒண்டு அடி. கனடாவுக்கும் ஒண்டு அனுப்பிவிடு. ஒரு இடத்தில மட்டும் இருக்கக் கூடாது" என்றா.