பஃபலோ கேஸ் ஸ்டடி தொகுப்பு: மூன்று வருடம் வகுப்பில் வைத்து நடத்தியபின்

நாமக்கல் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பதினாறு வருடமாக உயிர்வேதியியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டில் செல் சுவாசம் என்று ஒரு யூனிட் வரும், செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் படிகள்தான் அது. கிளைக்காலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. பதின்மூன்று வருடம் அதைப் போர்டில் அம்புக்குறி போட்டே நடத்தினேன். பிள்ளைகளும் அம்புக்குறிகளை மனப்பாடம் செய்து அப்படியே வரைந்து மார்க் வாங்கிவிடுவார்கள். அடுத்த செமஸ்டரில் "மூச்சு இழுக்கிறோமே, அந்த ஆக்ஸிஜன் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்டால் வகுப்பே நுரையீரல் என்று சொல்லும், செல்லுக்குள் அந்தச் சங்கிலியின் கடைசியில் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இந்தப் பதிலை வருடா வருடம் கேட்டு எனக்கு மனம் விட்டுப்போயிருந்த நேரத்தில்தான் இந்தத் தொகுப்பு கைக்கு வந்தது.

அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் கிளைட் ஃப்ரீமன் ஹெர்ரீட் என்ற உயிரியல் பேராசிரியர் முன்னின்று நடத்திய தேசிய மையம் சேர்த்து வைத்தது இது. இப்போது அந்நாட்டின் தேசிய அறிவியல் கற்பித்தல் சங்கத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கேஸ்கள், அதாவது ஒரு சம்பவத்தைக் கதையாகக் கொடுத்து அதன் வழியே பாடத்தைப் பிடிக்க வைக்கும் தாள்கள். உயிரியல்தான் அதிகம். வேதியியல், சுற்றுச்சூழல், உளவியல், கொஞ்சம் இயற்பியலும் உண்டு. எல்லாம் பாடம் நடத்துகிறவர்களே எழுதி, வேறு ஆசிரியர்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டபின் போட்டவை. கேஸ் வைத்துப் பாடம் நடத்துவது சட்டக் கல்லூரிக்காரர்களுக்குப் பழசு. 1870களிலேயே ஹார்வர்டில் லாங்டெல் என்பவர் தீர்ப்புகளைக் கையில் கொடுத்து வகுப்பு நடத்தினார். அப்புறம் வணிகப் படிப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்பையே நோயாளியின் பிரச்சினையிலிருந்து தொடங்கியது. அறிவியல் வகுப்புக்குள் அது நுழையத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நான் முதலில் எடுத்த கேஸைப் பற்றியே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று வருடமும் விடாமல் நடத்தியது அதைத்தான். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஏழு மரணங்களின் மர்மம்'. 1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோவைச் சுற்றி ஏழு பேர் திடீர் திடீரென்று செத்துப்போனார்கள். அந்த உண்மைச் சம்பவத்தின் மேல் கட்டியது. மாணவர்கள்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தாள்கள் மொத்தமாகக் கைக்கு வராது. ஒரு பகுதி கொடுப்போம், அதில் கேள்விகள் இருக்கும், குழுவாகப் பேசி எழுதியபின்தான் அடுத்த பகுதி. இப்படி நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும் முறையை ஹெர்ரீட் பெரிதும் வலியுறுத்தி எழுதியிருக்கிறார். என் அனுபவத்தில் இந்தத் தொகுப்பின் உயிரே அந்த நிறுத்தங்களில்தான் இருக்கிறது.

முதல் வருடம் நாற்பத்தாறு பேர், எட்டுக் குழு. எங்கள் வகுப்பு பெஞ்சுகள் தரையோடு போல்ட் போட்டவை. முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பி முட்டிபோட்டு உட்கார்ந்துதான் பேசினார்கள். முதல் தாளைப் படித்ததும் எல்லாக் குழுவும் மாரடைப்பு, விஷவாயு, உணவில் விஷம் என்று எழுதியது. அடுத்த தாளில், உறுப்புகளில் செல்கள் ஆக்ஸிஜன் இல்லாமல் செத்திருக்கின்றன என்று வந்தது. உடனே "மூச்சு முட்டித்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கடுத்து, இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு சரியாகவே இருந்தது என்ற தகவல்.

அந்த இடத்தில் வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. இரத்தத்தில் இருக்கிறது, செல்லுக்கு இல்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மேம், டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். நாக்கு நுனியில் விடை நிற்கும். நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். அதன்பின் வளர்சிதைப் பொருள்களின், அதாவது செல் சுவாசத்தில் உருவாகிச் செலவாகும் பொருள்களின், அட்டவணையைக் கொடுத்தேன். குளுக்கோஸ் கிட்டத்தட்ட இயல்பு. குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டும் இயல்பு. எலக்ட்ரான்களைச் சுமந்துபோகும் என்ஏடிஹெச் மட்டும் மலைபோல் குவிந்து கிடக்கிறது, அது சுமையை இறக்கியபின் ஆகும் என்ஏடி பிளஸ் வற்றிப்போயிருக்கிறது. செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் ஏடிபி மிகக் குறைவு.

அதுவரை அம்புக்குறியாக மட்டும் இருந்த என்ஏடிஹெச்சைப் பிள்ளைகள் முதல் தடவையாக ஒரு பொருளாகப் பார்த்தார்கள். குவிகிறது என்றால் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவன் வாங்கவில்லை. வாங்க வேண்டியது எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. அப்படியென்றால் அடைப்பு அங்கேதான். ஒரு குழு நோட்டில் ரேஷன் கடை வரிசை படம் போட்டது: முன்னால் ஒருவர் நகரவில்லை, பின்னால் எல்லோரும் நிற்கிறார்கள். ஏழாவது குழு முதலில் "சயனைடு" என்று சொன்னது. சங்கிலியின் கடைசி நொதியான சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸின் இரும்பில் சயனைடு போய் ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரானை ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கும் இடமே அதுதான். அது மூடிவிட்டால் ஆக்ஸிஜன் வாசலில் நின்றும் பயனில்லை.

"அப்ப அவங்களுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வெச்சிருந்தா பொழைச்சிருப்பாங்களா மேம்?" என்று ஒருத்தி கேட்டாள். பதின்மூன்று வருட போர்டு பாடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி இது. அதை வைத்து இருபது நிமிடம் போனது. ஆக்ஸிஜன் துணைக்கு வைப்பார்கள், அது மட்டும் போதாது. சயனைடை இரும்பிலிருந்து இழுத்து வேறெங்காவது கட்டிப்போட வேண்டும். ஹைட்ராக்ஸோகோபாலமின் என்ற பி12 வகையை ஊசியாகப் போட்டால் அது சயனைடைப் பிடித்துக்கொண்டு சயனோகோபாலமின் ஆகிவிடும். மெடிக்கலில் வாங்குகிற பல பி12 மாத்திரைகளில் இருப்பதும் அதே சயனோகோபாலமின்தான் என்றதும் இரண்டு பேர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் படித்துப் பார்த்தார்கள்.

கடைசியில்தான் நடந்ததைச் சொன்னேன். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் போடுகிற டைலனால் கேப்ஸ்யூல். யாரோ கடையில் இருந்த பாட்டில்களில் பொட்டாசியம் சயனைடு நிரப்பிய கேப்ஸ்யூல்களைக் கலந்து வைத்திருக்கிறார்கள். செத்தவர்களில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை உண்டு. ஒரே வீட்டில் மூன்று பேர். முதலில் இறந்தவருக்காகக் கூடிய வீட்டில் தம்பியும் தம்பி மனைவியும் அதே பாட்டிலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கம்பெனி மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. கொலைக்காக இன்றுவரை யார் மேலும் வழக்குப் பதிவாகவில்லை. மருந்து பாட்டிலின் வாயில் இன்று நாம் கிழித்துத் திறக்கும் அந்தச் சீல், அங்கே அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் சட்டமாக வந்தது. வகுப்பில் சத்தமே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கும் குரல் மாறிவிட்டது. உண்மையில் செத்தவர்களை வைத்துப் பாடம் நடத்துகிறோம் என்பதை ஆசிரியர் மறக்கக் கூடாது. கேஸைத் துப்பறியும் விளையாட்டாக மட்டும் நடத்தி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தத் தொகுப்பில் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஆசிரியர் குறிப்புகளை. மாணவர்களுக்கான பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். குறிப்பும் விடைகளும் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும். "விடைதான் எனக்கே தெரியுமே, எதற்குக் காசு?" என்று நினைத்துத்தான் முதலில் கட்டாமல் இருந்தேன். அது தப்பு. எங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள், எந்தக் கேள்வியை எவ்வளவு நேரம் பேசவிடலாம், முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் வகுப்பில் நடத்திப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது இன்னொரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி. தனி ஆளாகக் கட்டுவது நம் சம்பளத்துக்குக் கொஞ்சம் பாரம்தான். நாங்கள் துறையில் நான்கு பேர் பேசி, பொதுச் செலவில் ஒரு சந்தாவாகக் கட்டச் சொல்லி எழுதிக்கொடுத்தோம்.

குறைகள். எல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் முதல் தாளைப் படிக்கவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள், கதை சூடு பிடிப்பதற்குள் களைத்துவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு பகுதியையும் முதலில் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு அப்புறம் தாளைக் கொடுக்கிறேன், இப்போது பரவாயில்லை. பல கேஸ்கள் அவர்கள் ஊர் வாழ்க்கையில் ஊறியவை. மருத்துவக் காப்பீடு, அவர்கள் ஊர் ஏரி, அவர்கள் ஊர் மீன். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மீனைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அதனால் தொள்ளாயிரம் இருந்தும் நமக்கு ஒட்டுவது சிலதான், தேடி எடுக்க வேண்டும். பாடப்பிரிவு, வகுப்பு நிலை என்று வடிகட்டித் தேடும் வசதி இருப்பதால் அது ஒரு மாலை வேலை.

நேரமும் ஒரு பிரச்சினை. ஒரு மணி நேரப் பாடவேளையில் இந்தக் கேஸ் முடியாது, எனக்கு இரண்டு வேளையும் கொஞ்சமும் ஆனது. "போர்ஷன் முடிஞ்சிருச்சா?" என்ற கேள்வி மேலிருந்து வந்தபோது பதில் சொல்லத் திணறினேன். இருந்தாலும் செமஸ்டருக்கு இரண்டு கேஸ் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். எல்லா யூனிட்டையும் கேஸாக நடத்த முயல வேண்டாம். பெயர்களும் அமைப்புகளும் நிறைந்த யூனிட்டுக்குப் போர்டுதான் சரி.

இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரியது தொகுப்புக்கு வெளியிலிருந்து வந்தது. இரண்டாம் வருடம் கேஸ் முடிந்து எல்லோரும் பையைத் தூக்கும்போது சேந்தமங்கலம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மேசைக்கு வந்தாள். "மேம், எங்க ஊர்ல ஆடு இப்படித்தாங்க செத்துப்போச்சு. குச்சிக்காட்டுல பூந்து தழையத் தின்னுச்சுங்க. அரை மணி நேரங்கூட ஆகலீங்க. வாயில நுரை தள்ளி விழுந்துருச்சு" என்றாள்.

குச்சிக்கிழங்கு என்று எங்கள் பக்கம் சொல்வது மரவள்ளியை. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்கு அதுதான் மூலப்பொருள், ஜவ்வரிசி அதிலிருந்து வருகிறது. அதன் இலையிலும் தோலிலும் லினமரின் என்ற சயனைடு சேர்ந்த சர்க்கரைப் பொருள் இருக்கிறது. இலையில் அது ஓர் இடத்தில், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்தில். ஆடு கடித்து அரைக்கும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். இளம் சோளத்தட்டை தின்று மாடு விழுவதும் இதே கதைதான், அங்கே பொருளின் பெயர் துரின். தழையை வாட வைத்துப் போடு, திப்பியை (கிழங்கை அரைத்தபின் மிஞ்சும் சக்கை) காயவைத்துப் போடு என்று அவள் அம்மாயி, அம்மாவின் அம்மா, சொல்வார்களாம். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரி. நம் வெயிலில் அது நிற்குமா? அம்மாயி சொன்னதை அந்தப் பிள்ளை கொதிநிலையோடு சேர்த்துப் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காகச் சந்தா மாதிரி பத்து மடங்கு கட்டலாம்.

அதை ஒரு கேஸாக எழுதச் சொன்னேன். பஃபலோ தொகுப்பின் அமைப்பை வைத்துக்கொண்டு அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து நான்கு பகுதியாக எழுதினார்கள். கால்நடை மருத்துவரிடம் போய், சயனைடு விஷத்துக்கு ஏன் சோடியம் தயோசல்ஃபேட் ஊசி போடுகிறார்கள் என்று கேட்டு வந்தார்கள். ரோடனேஸ் என்ற நொதிக்குக் கந்தகம் கொடுத்து, சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றி உடம்பு வெளியேற்றுவதற்காக. ஒரு பகுதியில் 1981இல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது சரியாகப் பக்குவம் செய்யாத கசப்பு மரவள்ளியைத் தின்று கால் விளங்காமல் போனவர்களைச் சேர்த்தார்கள். அந்த நோய்க்குப் பெயர் கொன்சோ. கட்டப்பட்ட கால் என்று காங்கோ பகுதி மொழியில் பொருள்.

இந்த வருடம் ஜூனியர்களுக்கு இரண்டையும் நடத்தினேன், ஏழு மரணம் முதலில், குச்சிக்காடு அப்புறம். இரண்டாவதுக்குத் தமிழில் கதை சொல்லும் வேலையே எனக்கு இல்லை. முதல் தாளில் "காலை பத்து மணி, கயிறு அறுந்திருந்தது" என்று தொடங்குகிறது. கடைசித் தாளின் கடைசிக் கேள்வி: நம் வீட்டில் தோலுரித்து, தண்ணீர் ஊற்றி, மூடாமல் வேக வைத்துத் தின்கிறோம். இதில் எந்த வேலை எதை வெளியேற்றுகிறது? விடைத்தாள் ஒன்று வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வேணாங்க மேம், அவங்களே அவங்கம்மாகிட்டக் கேட்டுட்டு வரட்டும்" என்றாள். மறுநாள் பதினெட்டுப் பேர் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் மூன்று வீட்டில் தண்ணீரை இரண்டு தடவை மாற்றுவார்களாம்.