அப்போஸ்டிலா, தூதரகச் சான்றொப்பமா?

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க திருமணச் சான்று, காவல்துறைச் சான்று, மருத்துவ அறிக்கை, குடும்ப ஆய்வறிக்கை (தத்தெடுப்பவரின் வீட்டுச் சூழல் பற்றியது) எல்லாமே அந்த நாட்டில் செல்லுபடியாக வேண்டும். வழி இரண்டு.

இரு நாடுகளும் 1961 ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்து, ஒன்றையொன்று ஆட்சேபிக்காமலும் இருந்தால், ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று சொல்லும், 10 எண்ணிட்ட விவரங்கள் கொண்ட ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே சான்று போதும். தூதரகம் பக்கமே போக வேண்டாம். இல்லையென்றால் நோட்டரி, வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம் என்று படிப்படியாகத்தான். ஒவ்வொரு படியும் முந்தைய கையெழுத்தையும் முத்திரையையும் மட்டுமே சரிபார்க்கும். ஒரு படியை விட்டுவிட்டால் அடுத்த கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

எந்த வழி என்பதை நாடுதான் தீர்மானிக்கிறது; நம் கையில் இருப்பது எந்தத் தாளை எப்போது வாங்குவது என்ற வரிசை. தூதரக வழி இழுத்தடிக்கும் என்பதால், சீக்கிரம் காலாவதியாகும் மருத்துவ அறிக்கையையும் காவல்துறைச் சான்றையும் கடைசியில் வாங்குங்கள். அப்போஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் அது ஒட்டியிருக்கும் சான்றுக்கு உண்டு. காத்திருப்பு நீளும்போது பலர் இடறுவது இங்கேதான்; அந்தத் தாளுக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

ஜெராக்ஸ் எடுக்கவென்று தாள்களைச் சேர்த்திருக்கும் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றவே கழற்றாதீர்கள். கூடுதல் துளை தெரிந்தாலே தாளை மாற்றியிருப்பதாகச் சந்தேகம் வரும். கடவுச்சீட்டிலுள்ள பெயர் எல்லாத் தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதை முத்திரைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு பெரும்பாலும் முத்திரைக்குப் பின். அப்போதுதான் முத்திரை வாசகமும் சேர்ந்து பெயர்க்கப்படும்.